உண்ணி எடுக்கும் கருவிகள்: எச்சிலைக் கணக்கில் வைத்து ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் கடையிலோ இணையத்திலோ உண்ணி எடுக்கும் கருவி என்று தேடினால் நான்கு வகை கண்ணில் படும்: கூர்முனை இடுக்கி, பிளவுக் கொக்கி, பிளவு அட்டை, உறையவைக்கும் ஸ்பிரே. செல்லப்பிராணிகளுக்கான கடைகளில் ஐந்தாவதாகப் பேனா போன்ற ஒன்றும் தொங்கும். பின்பக்கம் அமுக்கினால் நூல் வளையம் வெளியே வந்து உண்ணியைச் சுருக்குப் போட்டுப் பிடிக்கும். நொடியில் எடுத்துவிடலாம் என்பதுதான் இவற்றுக்குச் செய்யப்படும் விளம்பரம். வேகத்தை வைத்து இவற்றை எடைபோடக் கூடாது. உண்ணியைப் பிய்த்து எறிவதற்குக் கருவியே வேண்டாம், நகம் போதும். பிய்க்கும் அந்தச் சில விநாடிகளில் உண்ணியின் உடல் எவ்வளவு அழுத்தப்படுகிறது, அதனால் அதன் எச்சில் எவ்வளவு நம் தோலுக்குள் போகக்கூடும் என்பதையே பார்க்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு கருவிக்கும் அந்த ஒரே அளவுகோல்தான்.

சிங்கப்பூரில் இருப்பவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். உண்ணி பரப்பும் பாக்டீரியாத் தொற்றான லைம் நோய் இங்கே பரவும் நோய் இல்லைதான். உண்ணி இருக்கிறது. நாய்களின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் ஒட்டும் பழுப்பு உண்ணி, சுவர் விரிசலில் முட்டையிட்டு வீட்டுக்குள்ளேயே பெருகக்கூடியது. நாய் கைக்கு எட்டாதபோது மனிதரையும் கடிக்கும். காட்டுப்பன்றி நடமாடும் பாதைகளில் வேறு இன உண்ணிகள் புல்நுனியில் காலை நீட்டிக் காத்திருக்கும். பள்ளி விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்குப் போகும் குடும்பங்களும், தேசிய சேவைப் பயிற்சிக்காகக் குவீன்ஸ்லாந்து போகும் பிள்ளைகளும் நம்மில் நிறைய. ஒவ்வாமை என்று பார்த்தால் மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டிய உண்ணி இனம் ஒன்று அந்தக் கரையில்தான் இருக்கிறது.

கடிவாய்க்குள் நடப்பது

கொசு குத்திவிட்டுப் பறந்துவிடும். உண்ணி குடியிருக்க வருகிறது. வளர்ந்த பெண் உண்ணி ஒரு வாரம், சில சமயம் பத்து நாள்கூட ஒரே இடத்தில் ஒட்டிக்கிடந்து குடிக்கும். வாயின் முன்புறமுள்ள இரண்டு வெட்டுறுப்புகளால் தோலைக் கீறி, பின்னோக்கி வளைந்த பற்கள் வரிசை வரிசையாக உள்ள ஓர் உறிஞ்சுமுள்ளை உள்ளே இறக்குகிறது. பல இனங்கள் அதைச் சுற்றி ஒரு பசையைக் கக்குகின்றன. அந்தப் பசை சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கி, உண்ணியைத் தோலோடு கட்டிவைக்கிறது. நாய் உண்ணிக்கு உறிஞ்சுமுள் குட்டை, பசை அதிகம். ஐக்ஸோடீஸ் என்ற உண்ணி வகையின் இனங்களுக்கு முள் நீளம், பசை குறைவு. ஒரே கருவி எல்லா உண்ணிக்கும் ஒரேமாதிரி வேலை செய்யாததற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

தோல் கிழிந்தால் உடம்பு சும்மா இருக்காது. தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் அரிப்பூட்டும் ஹிஸ்டமினைக் கொட்டும், அரிக்கும், நாம் சொறிவோம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை வரச்சொல்லி இன்டர்லூக்கின்-8 போன்ற வேதிச் செய்திகள் கிளம்பும். எதிர்ப்பை வழிநடத்தும் டி செல்கள் விழித்துக்கொள்ளும். ஒரு வாரம் குடியிருக்க வந்த பூச்சிக்கு இதில் எது நடந்தாலும் ஆபத்து. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு புரதத்தை எச்சிலில் வைத்திருக்கிறது. நாய் உண்ணியின் நெருங்கிய உறவான ஓர் ஆப்பிரிக்க இனத்தின் எச்சிலில், ஹிஸ்டமினைக் கவ்விப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் புரதங்கள் இருப்பதை 1999ல் விவரித்தார்கள். பழுப்பு நாய் உண்ணியின் எச்சிலிலேயே எவாசின் என்ற புரதக் குடும்பம் இருக்கிறது. அதில் எவாசின்-3 இன்டர்லூக்கின்-8ஐ வழியிலேயே மடக்குகிறது. எவாசின்-1, எவாசின்-4 இரண்டும் வேறு வகை அழைப்புச் செய்திகளைப் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்கக் கறுங்கால் உண்ணியின் சால்ப்15 என்ற புரதம் டி செல்லின் மேலுள்ள சிடி4 என்ற புரதத்தின் மீது ஒட்டி அதை எழும்ப விடாமல் வைக்கிறது. அதே உண்ணியின் ஐசாக், ரத்தத்தில் கிருமிகளைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் புரதத் தொடரைத் தடுக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க இன்னும் சில.

முதன்முதலாகக் கடிபடுபவருக்கு வலியும் தெரிவதில்லை, அரிப்பும் பெரும்பாலும் இருப்பதில்லை. கடித்ததே தெரியாமல் மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போது கையில் ஒரு புடைப்பாகத் தட்டுப்படுவதற்கு இதுவே காரணம்.

திரும்பத் திரும்பக் கடிபட்டவர் உடம்பில் கதை மாறுகிறது. எச்சில் புரதங்களைத் தோலில் உள்ள லாங்கர்ஹான்ஸ் செல்கள் ஏந்திச்சென்று நிணநீர்க் கணுவில் காட்டியிருக்கும். எதிர்ப்பொருள்களும் நினைவுச் செல்களும் உருவாகியிருக்கும். அடுத்த கடியில் அவை பாய்ந்து வரும். 1939லேயே வில்லியம் ட்ராகர் கினிப்பன்றிகளில் இதைக் காட்டிவிட்டார்: ஒருமுறை உண்ணி குடித்த கினிப்பன்றியிடம் மறுமுறை வந்த உண்ணிகளால் சரியாகக் குடிக்க முடியவில்லை. பேசோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கடிவாயில் குவிவது இதில் முக்கியப் பங்கு என்பது பிறகு தெரிந்தது. 2021ல் கறுங்கால் உண்ணியின் 19 எச்சில் புரதங்களுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசியைக் கினிப்பன்றிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். கடிவாய் சட்டென்று சிவந்தது, உண்ணிகள் வயிறு நிறையும் முன்பே கழன்று விழுந்தன. மனிதரிலும் அரிப்புக்கு இப்படி ஒரு பயன் உண்டு. உண்ணி கடித்தால் அரிக்கிறது என்று பலமுறை சொன்னவர்களிடம் லைம் நோய் குறைவாக இருந்ததாக 2005ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அரிப்பு நமக்கு அடிக்கும் மணி.

அதே நினைவு சிலருக்கு எதிராகவும் திரும்புகிறது. எச்சில், நோய் எதிர்ப்பைத் தன் வசதிக்காக ஒரு பக்கம் சாய்க்கும்போது, அந்தச் சாய்வு ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உருவாகும் பக்கமாகப் போகிறது. அப்படிப்பட்டவருக்கு அடுத்த கடியில் கொஞ்சம் எச்சில் உள்ளே போனாலே உடம்பு முழுக்கத் தடிப்பு, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தச் சரிவு வரை போகலாம். ஐரோப்பாவில் புறாக்கூட்டில் வாழும் உண்ணியின் 'ஆர்க் ஆர் 1' என்ற எச்சில் புரதம் இதற்குப் பெயர்போனது. அந்தப் புரதமும் ஹிஸ்டமினைப் பிடிக்கும் புரதங்களின் லிப்போகாலின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். குடித்த ரத்தத்தில் உள்ள நீரை உண்ணி வைத்துக்கொள்வதில்லை. செறிவைப் பிரித்துக்கொண்டு மிஞ்சிய நீரையும் உப்பையும் எச்சிலாக நமக்குள்ளேயே திருப்பி விடுகிறது. கடைசி ஒரு நாளில்தான் மளமளவென்று குடித்து உப்புகிறது. எனவே எள் அளவில் தட்டையாக இருக்கும்போது எடுத்த உண்ணிக்கும், காய்ந்த திராட்சை போல உப்பிய பிறகு எடுத்த உண்ணிக்கும் நாம் வாங்கியிருக்கும் எச்சிலின் அளவு வேறு வேறு. எந்தக் கருவியை வாங்கினாலும், காட்டிலிருந்து வந்த அன்றே அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் பின்புறம், தொப்புள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பார்க்காவிட்டால் அதில் பயன் இல்லை. ஒரு கைக்கண்ணாடியும் டார்ச்சும் கருவிப் பையில் முதலில் இருக்க வேண்டியவை.

கூர்முனை இடுக்கி: முதல் இடம்

புருவம் திருத்தும் சாய்முனை இடுக்கி வேண்டவே வேண்டாம். அதன் முனை அகலம். எள் அளவு உண்ணியை வைத்தால் வாயோடு சேர்த்து வயிற்றையும் நசுக்கும். மருந்துக்கடை முதலுதவிப் பெட்டிகளோடு வரும் பிளாஸ்டிக் இடுக்கிக்கும் இதே குறை: அழுத்தினால் முனை விரிந்துகொடுக்கும், பிடி வழுக்கும்.

வேண்டியது, முனை மெலிந்து நேராகவோ சற்றே வளைந்தோ உள்ள எஃகு இடுக்கி. சிம் லிம் டவரில் மின்னணுப் பாகங்களைப் பொறுக்கி வைக்க விற்கும் இடுக்கிகள் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஊசி போல முடிகிறவற்றைத் தவிர்த்துவிட்டு, முனை மெல்லியதாக இருந்தும் நுனி மழுங்கியதை எடுங்கள். ஊசிமுனை உண்ணியின் உடலைக் குத்திவிடும். குத்தினால் உள்ளிருப்பது வெளியே, அதாவது கடிவாயின் மேல்.

கடையிலேயே செய்து பார்க்க இரண்டு சோதனை. இடுக்கியை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு நுனிகளும் முதலில் தொட வேண்டும். நடுவில் தொட்டு நுனி பிளந்து நின்றால் அதை வைத்துவிடுங்கள். பிறகு முன்கை முடி ஒன்றைப் பிடித்து இழுங்கள். வழுக்காமல் முடி வந்தால் அது உண்ணியின் வாயையும் பிடிக்கும்.

எடுக்கும் முறை: உண்ணியை அதன் முதுகுப் பக்கமிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் பாருங்கள். தோலுக்கும் உண்ணியின் உடலுக்கும் இடையில் கழுத்துபோல் ஒரு சிறு ஒடுக்கம் தெரியும். இடுக்கியின் நுனிகளைத் தோலோடு படுக்கவைத்து, அந்த ஒடுக்கத்தை இரண்டு பக்கமும் கவ்வுங்கள். மற்றக் கையால் தோலைச் சற்று இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். இனி மேல்நோக்கி, ஒரே சீராக, அவசரமில்லாமல் இழுங்கள். தோல் கூடாரம்போல் எழும்பும். அங்கேயே நிறுத்திப் பிடித்திருந்தால் சில விநாடிகளில் பிடி விடும். வெடுக்கென்று இழுத்தால் முள் முறிந்து உள்ளே நிற்கும். இடுக்கியோடு முறுக்குவதும் கூடாது, ஏனென்றால் இடுக்கியின் பிடி இரண்டே புள்ளிகளில் இருப்பதால் முறுக்கும்போது வாயுறுப்பு ஒருபக்கமாக வளைந்து ஒடிகிறது.

வெளியே வந்த உண்ணியின் வாயில் வெள்ளையாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். பசைக்கூம்பும் மேல்தோலின் சிறு துகளுமே அது. முழுதாக எடுத்ததற்கு அடையாளம். கடிவாயில் கரும்புள்ளி நின்றால் அது 'தலை' அல்ல, முறிந்த முள். எச்சில் சுரப்பி உண்ணியின் உடலோடு போய்விட்டது, ஆகவே மிஞ்சிய முள்ளால் இனி எச்சிலைப் பாய்ச்ச முடியாது. எளிதாக வந்தால் எடுங்கள். வராவிட்டால் ஊசியால் தோண்டாமல் விட்டுவிடுங்கள். சிலாம்பைத் தள்ளுவது போலத் தோலே தள்ளிவிடும். மிஞ்சிய முள்ளைச் சுற்றி சிலருக்கு வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூடக் கெட்டியான சிறு முடிச்சு நிற்கும். அது அந்நியப் பொருளைச் சுற்றி எதிர்ப்புச் செல்கள் கட்டும் வேலி. கரையாமல் நின்றால் மருத்துவரிடம் காட்டி எடுக்கலாம்.

பிளவுக் கொக்கி: நாய் வைத்திருப்பவருக்கு முதல் இடம்

கடப்பாரையின் ஆணி பிடுங்கும் முனையைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். ஓ'டாம் டிக் ட்விஸ்டர் என்ற பெயரில் வருவது இந்த வகையில் பெயர்பெற்றது. பெரியதும் சிறியதுமாக இரண்டு கொக்கிகள் சேர்ந்து வரும். இரண்டும் தேவை. மனிதர் மேல் ஏறுவது பெரும்பாலும் சிறிய கொக்கிக்கான அளவு. நாயின் காதில் உப்பி நிற்பது பெரியதற்கு.

எச்சில் அளவுகோலில் பார்த்தால் இதன் அமைப்பு இடுக்கியை விடவும் நல்லது. பிளவு உண்ணியின் கழுத்தைச் சுற்றி உட்காருகிறது. வயிறு கொக்கியின் மேல் சும்மா கிடக்கிறது, அதை யாரும் அமுக்குவதில்லை. கைநடுக்கம் உள்ளவர்களும் இதைச் சரியாகச் செய்துவிட முடியும். கொக்கியைத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து செலுத்துங்கள். பிளவின் ஒடுங்கிய கோடியில் கழுத்து சிக்கியதும் மிக லேசாகத் தூக்கியபடி இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். உண்ணி தானாகக் கழன்று கொக்கியில் நிற்கும்.

இடுக்கியை முறுக்காதே என்றுவிட்டு இங்கே சுற்றச் சொல்வது முரண் அல்ல. உண்ணியின் முள்ளில் இருப்பவை திருகாணியின் மரைகள் அல்ல, பின்னோக்கிய பற்கள். நேராக இழுக்கும் விசையைத்தான் அவை தாங்கும். கழுத்தைச் சுற்றிலும் பிடித்துச் சமமாகச் சுழற்றும்போது பற்கள் மடங்கிப் பசையின் பிடியும் விடுகிறது. மரை இல்லாததால் இடமா வலமா என்ற கேள்வியும் இல்லை.

சொதப்பும் இடங்கள் சில உண்டு. நாய்முடி பிளவுக்குள் சேர்ந்து மாட்டினால் சுற்றும்போது முடி முறுக்கி நாய் துள்ளும். முதலில் தண்ணீர் தொட்டு முடியை வகிர்ந்துகொள்ளுங்கள். விரலிடுக்கிலும் காதுச்சுருளிலும் கொக்கியைச் சுற்ற இடம் இருக்காது, அங்கே இடுக்கிதான். கசகசாவைவிடச் சிறிய குஞ்சு உண்ணிகள் பிளவின் வழியே நழுவிவிடும். வார்ப்பு சரியில்லாத மலிவுக் கொக்கிகளில் பிளவின் கோடி உருண்டையாக முடிந்திருக்கும். அது எதையும் பிடிக்காது. வாங்குமுன் ஒரு தையல் நூலைப் பிளவுக்குள் இழுத்துப் பாருங்கள். கோடியில் நூல் இறுகி நிற்க வேண்டும், வழுக்கித் திரும்பக் கூடாது.

அட்டையும் சுருக்குப் பேனாவும்

பிளவு அட்டை ஈசி-லிங்க் அட்டையோடு பணப்பையில் கிடக்கும், எப்போதும் கையில் இருக்கும் என்பது அதன் பலம். முன்கை, முதுகு, கெண்டைக்கால் போன்ற சமதளமான இடத்தில் போதுமானது. மற்ற இடங்களில் அட்டையின் விளிம்பு தோலோடு ஒட்டாது. ஒட்டாமல் தள்ளினால் பிளவு கழுத்துக்கு மேலே வயிற்றில் இடிக்கும். இரண்டாவது கருவியாக வைத்துக்கொள்ளலாம்.

சுருக்குப் பேனாவை வாங்க வேண்டாம். நூல் எங்கே இறுகுகிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. வயிற்றின் நடுவில் இறுகினால் நாம் தவிர்க்க நினைத்ததையே அது செய்துவிடுகிறது.

உறையவைக்கும் ஸ்பிரே: எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு மிக அவசியம்

இந்த ஒரு பொருளில்தான் நாட்டுக்கு நாடு அறிவுரை மாறுகிறது. அமெரிக்காவில், இடுக்கியால் உடனே எடு, வேறெதையும் மேலே பூசாதே என்கிறார்கள். ஆஸ்திரேலிய ஒவ்வாமை மருத்துவர்களோ, வளர்ந்த உண்ணியை ஒட்டிய இடத்திலேயே உறையவைத்துக் கொல், தொட்டு அமுக்காதே என்கிறார்கள். அமெரிக்காவில் பெரிய பயம் உண்ணி சுமக்கும் கிருமி. லைம் நோய்க் கிருமி உண்ணியிலிருந்து மனிதருக்கு மாறப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஆகவே சீக்கிரம் எடுப்பதே பாதுகாப்பு. ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையில் வாழும் ஐக்ஸோடீஸ் ஹோலோசைக்ளஸ் இனத்தில் பெரிய பயம் எச்சிலுக்கான ஒவ்வாமை. உயிரோடு இருக்கும் உண்ணியை நோண்டும்போது எச்சில் பாய்ந்து, ஏற்கெனவே ஐஜிஇ உள்ளவருக்குச் சில நிமிடங்களில் கடும் ஒவ்வாமை வரலாம். இரண்டு அறிவுரையும் அந்தந்த ஊரில் சரி.

ஆகவே யார் வாங்க வேண்டும்? முன்பு உண்ணி கடித்து உடம்பு தடித்தவர், முகம் வீங்கியவர், மூச்சு முட்டியவர். அல்லது ஆஸ்திரேலியக் கிழக்குக் கரைப் புதர்க்காட்டில் நாள்கணக்கில் இருக்கப்போகிறவர். சிங்கப்பூரில் நாய் உண்ணிக்காக மட்டும் இதை வாங்கி வைப்பது வீண்செலவு.

வாங்கும்போது லேபிளில் ஈதர் வகை, அதாவது டைமீதைல் ஈதர், இருக்கிறதா என்று பாருங்கள். தசைப்பிடிப்புக்கு அடிக்கும் குளிர் ஸ்பிரே இதற்கு மாற்று ஆகாது. தோல் மரத்துப்போகும், உண்ணி சாகாது. முனையை உண்ணிக்கு ஒரு செ.மீ. மேலே பிடித்து, ஐந்து முறைவரை சிறு சிறு பீய்ச்சலாக அடியுங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள். சில நிமிடங்களில் அது செத்துவிடும். காய்ந்து தானாக விழும்வரை விட்டுவிடுவது உத்தமம். செத்ததா என்று சுரண்டிப் பார்ப்பதுதான் இதில் எல்லாரும் செய்யும் பிழை. கண்ணுக்கு அருகில் அடிக்கக் கூடாது. இமையில் ஒட்டியிருந்தால் மருத்துவமனைதான். தீப்பிடிக்கும் ஏரோசால் என்பதால் விமானப் பெட்டிக்குள் போடுமுன் விமான நிறுவனத்திடம் கேளுங்கள், அல்லது போய் இறங்கிய ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

குஞ்சு உண்ணிகள் ஏராளமாக ஏறிவிட்டால் மேலே சொன்ன எந்தக் கருவியும் கை கொடுக்காது. இன்னும் கடிக்காமல் ஊர்பவற்றை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். ஒட்டியவற்றின் மேல் சொறிசிரங்குக்குத் தரும் 5 விழுக்காடு பெர்மெத்ரின் கிரீமைத் தொட்டு வையுங்கள், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. தேய்க்காதீர்கள். குழந்தைக்கு என்றால் மருந்தாளரிடம் கேட்டுவிட்டுப் பூசுங்கள்.

பூசக் கூடாதவை: மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், வாசலின், நகப்பூச்சு, கோடாலித் தைலம், எரியும் தீக்குச்சி. மூச்சு முட்டினால் உண்ணி விட்டுவிடும் என்ற நம்பிக்கை தவறு. அதன் மூச்சுத்துளை வயிற்றின் பக்கத்தில் இருக்கிறது, மூச்சும் மிக மெதுவாகத்தான் விடும். எண்ணெயில் மணிக்கணக்கில் தாங்கும். அதுவரை அது எரிச்சலோடு உள்ளேதான் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் அன்போடு தைலத்தை எடுத்து வந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் பணிவாக மறுத்துவிடுங்கள்.

எடுத்த பிறகு

சோப்பும் தண்ணீரும், பிறகு ஆல்கஹால். உண்ணியை நசுக்காமல் 70 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சிறு புட்டியில் போட்டு, தேதி, இடம், உடம்பில் எந்தப் பகுதி என்று எழுதி வையுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கடிவாய் என்ன செய்யும்? கொசுக்கடி போன்ற சிறு புடைப்பு உடனே வந்து ஒன்றிரண்டு நாளில் அடங்குவது வழக்கமானது. முன்பு கடிபட்டவர்களுக்கு 24 முதல் 48 மணி நேரத்தில் சிவந்து, கெட்டியாகி, நன்றாக அரிக்கும். பொதுவாக 5 செ.மீ.க்குள் நிற்கும், பிறகு மங்கும். இது எச்சிலுக்கான எதிர்வினை, தொற்று அல்ல. ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. குளிர் ஒத்தடம், 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம், பெரியவர்களுக்கு தினம் ஒரு 10 மி.கி. செட்ரிசின் அல்லது லோராடடீன் போதும். செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் வரவைக்கும். வண்டி ஓட்டுபவர்கள் லோராடடீனைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு மாறாக, மூன்று நாளுக்குப் பிறகு தொடங்கி ஒரு மாதத்துக்குள் வட்டம் வட்டமாகப் பரவி 5 செ.மீ.யைத் தாண்டும் சிவப்பு வேறு விஷயம். வெளிநாடு போய் வந்தவருக்கு அது வந்தால், அல்லது இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ தோல் தடிப்போ வந்தால், பலதுறை மருந்தகத்தில் பயண விவரத்தோடு சொல்லுங்கள்.

கடிவாயை விட்டுத் தள்ளி உடம்பெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் மாற்றம், மூச்சிரைப்பு, தலைசுற்றல் வந்தால் மாத்திரை தேடிக்கொண்டிருக்காமல் 995ஐ அழையுங்கள். அட்ரினலின் பேனா வைத்திருப்பவர் தொடையின் வெளிப்புறத்தில் உடனே குத்திக்கொள்ள வேண்டும். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரவையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள்.

மட்டன் பிரியாணிக்கும் உண்ணிக்கும் உள்ள தொடர்பு

உண்ணிக் கடியால் வரும் இறைச்சி ஒவ்வாமைக்கு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்ற கேள்வியும் வருவதால் இது. உண்ணியின் எச்சிலில் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா-கேல் என்ற ஒரு சர்க்கரையும் வருகிறது. மாடு, ஆடு, பன்றி எல்லாவற்றின் உடம்பிலும் அது உண்டு, மனிதருக்கு இல்லை. உண்ணி கடித்து அதற்கு ஐஜிஇ உருவாகிவிட்டால், பிறகு இறைச்சி சாப்பிட்டு இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்து ஒவ்வாமை கிளம்பும். இரவு எட்டு மணிக்கு மட்டன் பிரியாணி, நள்ளிரவில் தடிப்பும் வயிற்றுப் பிடுங்கலும் என்றால் சாப்பாட்டின் மேல் சந்தேகமே வராது, ஏனென்றால் மற்ற உணவு ஒவ்வாமைகள் சில நிமிடங்களில் வந்துவிடும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 2000களின் பிற்பகுதியில்தான் இந்த முடிச்சு அவிழ்ந்தது. கோழியும் மீனும் பிரச்சினை செய்யாது. ஜெலட்டின் மாத்திரை உறை சிலருக்குச் செய்யும். செட்டுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்திலும் இதே சர்க்கரை உண்டு, ஆகவே மருத்துவரிடம் மறைக்கக் கூடாத விவரம் இது.

ஆல்ஃபா-கேல் ஐஜிஇ பரிசோதனையை அறிகுறி இல்லாமல் செய்து பார்க்காதீர்கள். வழக்கமாக மில்லிலிட்டருக்கு 0.1 அலகு என்ற வரம்பைத் தாண்டினால் பாசிட்டிவ் என்கிறார்கள். அந்த வரம்பைத் தாண்டியும் நிம்மதியாக இறைச்சி சாப்பிடுகிறவர்கள் நிறைய. தாமதமான ஒவ்வாமை இரண்டு முறையாவது வந்து, உண்ணிக் கடியும் நினைவிருந்தால், ஒவ்வாமை மருத்துவரின் பரிந்துரையோடு செய்யும்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள். மறுபடி கடிபடாமல் இருந்தால் பலருக்கு இந்த எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. ஒவ்வொரு புதுக் கடியும் அதை ஏற்றிவிடும்.

அதனால் விரட்டி மருந்தும் வாங்கும் பட்டியலில் வர வேண்டும். கொசுவுக்கு என்று விற்கும் பாட்டிலில் விழுக்காட்டைப் படியுங்கள்: டீட் 20 முதல் 30, அல்லது பிக்காரிடின் 20. அதற்குக் குறைந்தவை கொசுவுக்குக் கொஞ்ச நேரம் போதலாம், உண்ணிக்குப் போதாது. சிட்ரோனெல்லா ஒட்டுப்பட்டைகளை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள். துணிக்கு 0.5 விழுக்காடு பெர்மெத்ரின் நல்ல காவல். அடித்து முழுதாகக் காயும்வரை வீட்டுப் பூனையை அந்த அறைக்குள் விடக் கூடாது, பூனைக்கு அது நஞ்சு.

இடுக்கியும் சிறிய கொக்கியும் ஒரே உறையில் இருக்கட்டும். பயன்படுத்தியதும் ஆல்கஹாலில் துடைத்து, இடுக்கியின் நுனிக்கு ஒரு துண்டு உறிஞ்சுகுழலை மாட்டி வையுங்கள். பைக்குள் நுனி ஒருமுறை வளைந்துவிட்டால் அடுத்த முறை அது கழுத்தைப் பிடிக்காது, வயிற்றைத்தான் பிடிக்கும்.